தொப்பிக்காரரின் வெற்றுப் பக்கங்கள்

அந்த எண்ணம் எனக்கு வந்தது எல்கடுவப் பாதையின் ஒரு வளைவில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கும் கொட்டிலைத் தாண்டி அந்த வளைவில் நின்றால் மட்டும் இரண்டு கோடு விழும். அதனால் வெளியுலகத்தோடு எனக்குள்ள தொடர்பெல்லாம் அந்த வளைவில்தான். கால் சேற்றில், காது திபிலிசியில்.

திபிலிசியில் இருப்பவள் என் பாடசாலைத் தோழி. மாத்தளை டவுனில் அவளுடைய வாப்பாவுக்குக் கடை. உயர்தர வகுப்பில் இருவரும் ஒரே மேசையில் இருந்தோம். அவள் மருத்துவம் படிக்க ஜோர்ஜியாவுக்குப் போனாள். நான் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு, பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்துக்கொண்டு, ஒரு வேலையைத் தொடங்குவதும் பாதியில் விடுவதுமாக இருந்தேன். சுவர்ச் சஞ்சிகை மூன்று இதழோடு நின்றது. நாடகக் குழு ஒத்திகையோடு நின்றது. "இவ அடுப்பு மூட்டுவா, உலை வைக்க மாட்டா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்கு அவளுடைய குரல் பதிவு வந்தது.

"ஏய், கேளுடி. இங்க ஒரு ஊருக்கு வந்தீக்கிறோம். யாரோ பழைய எழுத்தாளர்ட வீடாம். மியூசியமாக்கி வெச்சீக்கிறாங்க. ஏழைகள்ட கஷ்டத்த எழுதினவராம். ஒனக்கு இப்பிடிக் கண்ணீர், பழைய வீடு எல்லாம் புடிக்குமே. படம் அனுப்புறேன். பாத்துட்டுப் பயந்துராத."

மூன்று படங்கள். மரக்கால்கள்மேல் நிற்கும் ஒரு பலகை வீடு. ஒரு மேசையில் கறுப்புக் கம்பளித் தொப்பி. விரித்து வைத்த ஒரு கொப்பி, இரண்டு பக்கமும் வெறுமை, மேல் மூலையில் மட்டும் மையால் ஒரு சின்னப் புள்ளி. மை மங்கிப்போயிருக்கும் என்று நினைத்தேன். தொப்பிதான் என்னைப் பிடித்தது. தலை இல்லாத தொப்பிக்கு ஒரு நிறைவு இருந்தது. அதற்குள் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதுபோல.

அடுத்த பதிவில் கதை வந்தது. அங்கே சுற்றிக்காட்டும் பெண் ஆங்கிலத்தில் சொன்னதை இவள் அவசர அவசரமாக எனக்குச் சொன்னாள். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த எழுத்தாளர் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அந்தப் பக்கத்தில் முந்திரிகையை, அதாவது திராட்சைக் கொடியை, உயரமான மரங்களில் ஏற்றி விடுவார்களாம். குலை பறிக்க ஆள் ஏற வேண்டும். நிலம் பிரபுவுடையது, கொடி பிரபுவுடையது, ஏறுகிற கால் மட்டும் குடியானவனுடையது. பட்டுப்போன ஒரு மரத்தில் ஏறச் சொன்னார்கள். தகப்பன் ஏறினார், விழுந்தார், செத்தார். விசாரணையில் மேற்பார்வையாளன் சொன்னான்: யாரும் சொல்லவில்லை, அவனாக ஏறினான். தாயைக் கேட்டார்கள். அவளும் தலையசைத்தாள். ஆமாம், அவராகத்தான் ஏறினார். வீடும் பிரபுவின் நிலத்தில்தானே இருந்தது.

ஆனால் பத்து வயதுப் பிள்ளை முந்தின நாள் கேட்டது வேறு. தகப்பனின் உடலுக்குமேல் விழுந்து தாய் அழுதபோது, ஏறச் சொன்னவனின் பெயரைச் சொல்லி அழுதாள். மரம் பட்டது என்று தெரிந்தே ஏற்றினான் என்று அழுதாள். செத்தவருக்குச் சொன்ன உண்மையை உயிரோடிருப்பவர்களுக்கு அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சாவு வீடுகளுக்குப் போனான். வளர்ந்து பள்ளி ஆசிரியரானார். பிரபுவைப் பற்றி எழுதியதற்காக வேலையை எடுத்துவிட்டார்கள். நெஞ்சு நோய் வந்தது. அப்போதும் போனார். சுற்றியுள்ள எந்த ஊரில் சாவு விழுந்தாலும் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்பார். அழமாட்டார், குடிக்கமாட்டார், எதையும் எழுதிக்கொள்ளவும் மாட்டார். பெண்கள் அழுவதை மட்டும் கேட்பார். பிறகு வீடு வரைக்கும் யாரோடும் பேசாமல் நடப்பார். வணக்கம் சொன்னாலும் பதில் வராது. வாயைத் திறந்தால் சொற்கள் சிந்திவிடும் என்று பயம்.

"அதுக்குப் பொறவு ஊர்ச் சனம் அவரக் கண்டாப் பயந்தீக்குது. அவர் தெருவால வந்தாப் புள்ளைகள உள்ளுக்கு கூப்பிடுவாங்களாம். யாரும் சாக முந்தியே வந்து நிக்கிறாரோ எண்டு. நாப்பது வயசுக்கு முன்னமே மௌத்தாகிட்டாரு. சரி, பஸ் போகப் போகுது, பொறவு சொல்றேன்."

மழை நின்றிருந்தது. நான் அசையவில்லை. எங்களிடமும் இது இருக்கிறதே என்று நினைத்தேன். இதே அழுகை, இதே தலையசைப்பு. இந்த மனிதரின் வாழ்க்கையை நான் தமிழில் எழுதப்போகிறேன். எழுதினால் மட்டும் போதாது, அவர் செய்ததை நானும் செய்து பார்க்கப்போகிறேன். அந்த வளைவிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்தேன். ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினேன்: 'அவனாக ஏறினான்.'

இரண்டு கிழமை, பதினாலு நாளும், எழுதினேன். எனக்குக் கொட்டும் வெண்பனி தெரியாது, அதனால் அவரைத் தேயிலை கவ்வாத்து வெட்டிய மலையின் மூடுபனியில் நடக்க விட்டேன். முந்திரிகைக் கொடி தெரியாது, மிளகுக் கொடியைப் பார்த்து எழுதினேன். எழுத எழுத அவர் கிட்டே வந்துகொண்டிருந்தார். பின்னேர வகுப்பில் கடைசி வரிசைக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தேன். வாசல் ஸ்தோப்பில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் குடை.

அந்த இரண்டாம் கிழமை முடிவில்தான் அடுத்த காம்பராவில் சாவு விழுந்தது.

அடுத்த காம்பரா என்றால் பக்கத்து அறை வீடு, எங்கள் லயத்தில் ஒரு சுவர்தான் இடைவெளி. அந்தச் சுவரும் கூரை வரைக்கும் போகாது. அவர்கள் தாளித்தால் நாங்கள் தும்முவோம். அங்கே அத்தையும் மாமாவும் மகளும் இருந்தார்கள். உண்மையான உறவில்லை, பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். அத்தைக்குக் கால் முறிந்து வேலையிலிருந்து நின்று பல வருடம். மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். தோட்டத்தில் பேர் பதிந்திருந்தது மாமா ஒருவருக்குத்தான். அந்தப் பதிவில்தான் காம்பராவும் இருந்தது.

மாமா பாட்டுப் பிரியர். போன தீபாவளிக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கி வந்தார். தன்னுடைய பழைய போனில் அதற்கு வழியில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "டீச்சரு, உங்க போனக் கொஞ்சம் கல்யாணம் கட்டி வையுங்க இதுக்கு" என்றார். அன்று முழுக்க என் போனிலிருந்துதான் அவருடைய ஸ்பீக்கர் பாடியது.

அவரைக் குளவி கொட்டியது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டி மட்டம் செய்யப் போன இடத்தில், நிழல் மரத்தில் பெரிய கூடு. முதல் நாளே கண்டிருக்கிறார். கண்டதைச் சொல்லியுமிருக்கிறார். மறுநாள் காலை அதே மலைக்குத்தான் அனுப்பினார்கள். பத்து மணிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது முகம் அடையாளம் தெரியவில்லை. மாத்தளைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

என் கொப்பியில் அந்த முதல் பக்கம் இருந்தது. நான் எழுதிய பிறகுதான் இது நடந்தது. அப்படி நினைப்பது மடத்தனம் என்று தெரியும். தெரிந்தும், சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கும்போது கொப்பியை எடுத்து அரிசி வாளிக்குள் போட்டு மூடினேன்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவு வீட்டில் ஒப்பாரியில் சொன்னது யார் காதிலும் விழாது. விழுந்தாலும் விழாது. மாமியார் கொடுமை, அண்ணன் பங்கு தராதது, துரை திட்டியது, எதை வேண்டுமானாலும் பெயர் சொல்லி அழலாம். பெயர் சொல்லப்பட்டவர் பக்கத்திலேயே நின்று பந்தலுக்குக் கம்பு நடுவார். அதைப் பிறகு யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள். அழுதவளிடம் கேட்டால் அவளுக்கே ஞாபகமிருக்காது. இது எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் என் தலைக்குள் ஜோர்ஜியாக்காரர் நின்றிருந்தார். அவர் மனப்பாடம் செய்தார், பாவம், அவரிடம் போன் இல்லை. என்னிடம் இருக்கிறதே.

சால்வை மடிப்புக்குள் போனை வைத்துக்கொண்டு பெண்களோடு வட்டத்தில் உட்கார்ந்தேன்.

அத்தை அழுதார். குரல் முதலில் அவருடையதாக இருந்தது, பிறகு இல்லை. எங்கிருந்தோ வருவதுபோல, அவருடைய வாயைக் கடன் வாங்கியதுபோல வந்தது.

"கூடிருக்கு கூடிருக்குன்னு முந்தாநேத்தே சொன்னீங்களே... கூப்பிட்டுச் சொன்னீங்களே... கங்காணி காதுல போட்டீங்களே... பொகை போடச் சொன்னீங்களே... போடா மலைக்குன்னானே, போனீங்களே என் தொரையே..."

மலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் கங்காணி மேல் லயத்துக்காரர். வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு பெட்டியின் முன் பக்கத்துக்குத் தோள் கொடுத்தவரும் அவர்தான். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல பழக்கம்.

எட்டாம் நாள் விசாரணை. மாத்தளையிலிருந்து ஓர் அதிகாரி தோட்டத்து ஒபிசுக்கு வந்திருந்தார். அத்தைக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதனால் நானும் போனேன். கூடு இருப்பதைக் கணவர் முன்கூட்டிச் சொன்னாரா, யாராவது அங்கே போகச் சொன்னார்களா என்று அதிகாரி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "அவரு பாட்டுக்குப் போயிருப்பாரு."

எழுதியதை எனக்கு வாசிக்கத் தந்தார்கள். சிங்களத்தில் அந்த வரி இருந்தது. எவருடைய பணிப்புமின்றித் தாமாகவே சென்றுள்ளார். அது என் கொப்பியின் முதல் பக்கம். வேறொரு நாட்டில் வேறொரு மரத்திலிருந்து விழுந்தவருக்கு எழுதப்பட்டது, இங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

நான் வாசித்துச் சொன்னேன். அத்தை கையெழுத்து வைத்தார். அதிகாரி என்னிடம் சொன்னார், மாதம் முடிவதற்குள் ஏதாவது மாற்றிச் சொல்ல இருந்தால் மாத்தளைக்கு வந்து சொல்லலாம், அதற்குப் பிறகு இதுதான் பதிவு.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், "ஏன் அத்தை?"

"எதுக்குப் புள்ள கேக்குற? கங்காணி ஒபிசுல பேசுறேன்னிருக்காரு. மகளுக்குப் பேரு பதிஞ்சிட்டா காம்பரா எங்களுக்குத்தான். இல்லன்னா நான் இந்தக் கால வச்சிக்கிட்டு எங்க போறது?"

"அப்ப மாமா?"

கொஞ்ச தூரம் நொண்டி நடந்தவர், யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "கண்ணால கண்டும் போயி மாட்டிக்கிட்ட கூமுட்டைன்னு எழுதிட்டாங்க. முப்பது வருசம் அந்த மலையில வேல செஞ்ச மனுசன."

மறுநாள் பகல். அம்மா மலைக்குப் போய்விட்டார். லயத்தில் பாதிப்பேர் இல்லை. நான் அரிசி வாளியிலிருந்து கொப்பியை எடுத்தேன். ஒப்பாரியின் முதல் பாதியை முன்பே எழுதி வைத்திருந்தேன். மீதியைக் கேட்டு எழுத, காதுக்குள் வைக்கும் அந்த வயரில்லாத குமிழ்களைப் போட்டுக்கொண்டு, போனில் புளூடூத்தைத் தட்டி, பதிவை ஆரம்பத்திலிருந்து ஓட விட்டேன்.

காதில் ஒன்றும் வரவில்லை. சார்ஜ் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அழத் தொடங்கினார்.

பாவம், தனியாக இருக்கிறார், அழட்டும் என்று சும்மா இருந்தேன். காதுக் குமிழைத் துடைத்து மறுபடி போட்டேன். "கூடிருக்கு கூடிருக்குன்னு முந்தாநேத்தே சொன்னீங்களே..." என்று கூரை இடைவெளியால் வந்தது. என் முன்னால் கொப்பி விரிந்திருந்தது. "கூப்பிட்டுச் சொன்னீங்களே..." நான் எழுதியிருந்த இரண்டாம் வரி. மூன்றாம் வரியைக் கண்ணால் பார்த்தேன். பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அது வந்தது. நான்காம் வரியும். நான் எழுதி வைத்ததை அத்தை வாசிப்பதுபோல இருந்தது. வரி தவறவில்லை, மூச்சு வாங்கும் இடம்கூடத் தவறவில்லை. ஒரு இடத்தில் அன்று யாரோ ஒரு பெண் இருமினாள். இப்போதும் இருமினாள்.

அந்த இருமலில் எழுந்து நின்றேன். அத்தை தனியாக அல்லவா இருக்கிறார்?

"நீங்க வாங்கி வச்ச பாட்டுப் பொட்டி... இனி யாரு கொரலுல பாடும்..." என்றது குரல்.

வெளியே கதவுகள் திறக்கும் சத்தம். பகலில் ஒப்பாரிக் குரல் கேட்டால் லயத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வந்துவிடுவார்கள். "யாருக்கு என்னாங்க?" "யாரு போயிட்டது?" இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். ஒரு பாட்டி ஸ்தோப்பில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்தே விட்டார். நானும் போனைக் கையில் பிடித்தபடி ஓடினேன்.

அத்தை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் மூடியிருந்தது. அந்த மூடிய வாய்க்கு எதிரே, மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், சுவர்த் தட்டில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து அத்தையின் குரல் அழுதுகொண்டிருந்தது. காலையில் மகள் அதில் தேவாரம் போட்டுவிட்டு, அணைக்க மறந்து, தன் போனோடு வேலைக்குப் போயிருக்கிறாள். என் போன் தன் பழைய கல்யாணத்தை மறக்கவில்லை.

எனக்கு அது விளங்கியதும் திரையை அழுத்தினேன். குரல் நின்றது.

எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள்.

முடியை அவிழ்த்த பாட்டிதான் முதலில் பேசினார். "சாவு வீட்டுல வெத்தலைய எடுத்தவளப் பாத்திருக்கேன், குடைய எடுத்தவளப் பாத்திருக்கேன். அழுகைய எடுத்துக்கிட்டுப் போனவள இன்னைக்குத்தான்டி பாக்குறேன்."

"படிச்ச புள்ளைங்க" என்றது இன்னொரு குரல். "பாட்டுப் போட்டிக்கு அனுப்பத்தான் எடுத்திருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் உடனே கலையவுமில்லை. எழுப்பிய அழுகையைச் சும்மா விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நாலைந்துபேர் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள். உடல் இல்லாத வீட்டில், பகல் வெளிச்சத்தில், ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்து. அத்தை மட்டும் அழவில்லை. அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

பொழுது சாயும்போது கங்காணி வந்தார். ஸ்தோப்புக்குக் கீழேயே நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டும் ஏறவில்லை.

"டீச்சர், அதுல என் பேரு இருக்கா?"

"இருக்குங்க."

"தெரியும். நான்தான் அன்னைக்கே கேட்டேனே. கேட்டுட்டுத்தான் தோள் குடுத்தேன்." தொண்டையைச் செருமினார். "அங்க கேட்டா அது சாவோட போயிரும். பொட்டியில கேட்டா போக மாட்டேங்குது. பகல்லருந்து காதுக்குள்ள நிக்கிது." பிறகு, கொஞ்சம் குரலை மாற்றி, "காம்பரா விசயமா நான் ஒபிசுல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். அதைக் கெடுத்துறாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் போன பாதையில் செருப்புச் சத்தம் வெகு நேரம் கேட்டது, அல்லது எனக்குக் கேட்டது.

அம்மா அன்று என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் செத்தாலும் எடுப்பியா?"

மறுநாள் விடிந்ததும் வளைவுக்கு ஓடினேன். தோழிக்கு எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். நீளமான பதிவு, பாதி அழுகை. அவள் உடனே அழைத்தாள். அங்கே அப்போது இன்னும் விடிந்திருக்காது.

"அல்லாஹ்வே! நான் ஒனக்கு முழுசாச் சொல்லல்லியா?"

"என்னத்த?"

"பொறவு சொல்றேன் எண்டேனே, சொல்லல்லியா? ஐயோ. பஸ் போச்சு, பொறவு பரீட்சை வந்தீச்சி, மறந்துட்டேன்டி. அந்தப் பொம்பள இன்னொண்டும் சொன்னா. அவர் வீட்டுக்குப் போய் ஒடனே எழுத மாட்டாரு. நாப்பது நாள் வெச்சீப்பாரு, வாய்க்குள்ளயே. இவங்களுக்கு நாப்பதாம் நாள் பெரிய நாள், நம்மட ஆக்கள்லயும் ஈக்குதே, அப்பிடி. அன்னைக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், அழுத பொம்பளைக்கு முன்னால ஒக்காந்து, அவ அழுததத் திருப்பிச் சொல்லுவாரு. ஒரு சொல்லு விடாம. சொல்லிட்டுக் கேப்பாராம், இது ஒங்கடயா, நான் வெச்சிக்கட்டா எண்டு. அவ தலையாட்டினா எழுதுவாரு."

"இல்லன்னா?"

"இல்லாட்டி எழுத மாட்டாரு. ஒரு பக்கத்த வெறுமையா விட்டுட்டு மூலையில புள்ளி மட்டும் வெப்பாரு. படம் அனுப்பினேனே. கொப்பி கொப்பியா அப்பிடித்தான் ஈக்குது, எழுதினத விட எழுதாததுதான் கூட. அவர்ட உம்மாட பக்கமும் வெறும் பக்கம்தானாம்."

அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மை மங்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், தலையை இல்லை என்று அசைத்தபடி. எத்தனை கொப்பிகள், எத்தனை தலைகள். அவரைப் பற்றி இரண்டு கிழமை எழுதியிருக்கிறேன். அவர் எப்படிக் கேட்டார் என்பதைத்தான் எழுதினேன். கேட்டதைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தார் என்பது தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

அங்கிருந்து நேரே அத்தையின் காம்பராவுக்குப் போனேன். ஸ்பீக்கரின்மேல் மாமாவின் வேட்டி ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். அத்தை உட்காரச் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சிருங்க அத்தை. இப்பவே உங்க முன்னாலயே அழிச்சிர்றேன்."

போனை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

"பாதியில நிப்பாட்டிட்ட" என்றார்.

"என்னாங்க அத்தை?"

"பொட்டியப் பத்தி அழுதேன். அதுக்கப்புறம் என்னா சொன்னேன்?"

"உங்களுக்கு ஞாபகமில்லையா?"

"அழுகுறவளுக்கு எங்க புள்ள ஞாபகம் இருக்கும்? அது நான் இல்ல. அந்தக் கொரலு எனக்கே பயமா இருந்துச்சி. என் வாயி மூடியிருக்கு, நான் பேசுறேன்." வேட்டியால் மூடிய பெட்டியைப் பார்த்தார். "ஆனா அது சொன்னது அம்புட்டும் நெசம். ஒபிசுல நான் சொன்னதுதான் பொய்யி."

நான் போனைத் தரையில் வைத்தேன்.

"பதினாறு முடியட்டும்" என்றார். "கருமாதி முடிஞ்சி ஆளுங்க போனதுக்கப்புறம் நீ வா. வந்து மொதல்லருந்து கடைசி வரைக்கும் சொல்லு. பொட்டியில வேணாம். போன்லயும் வேணாம். உன் வாயால சொல்லு. கேட்டுட்டுச் சொல்றேன், அந்தக் காயிதத்த மாத்துறதா, இப்பிடியே விட்டுர்றதான்னு."

"காம்பரா, அத்தை?"

"அதையும்தான் ரோசிக்கணும்" என்றார். "மகளும் இருப்பா. அவளும் கேக்கட்டும்."

நாலு நாளாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நினைத்ததுபோல எளிதில்லை. பதிவு ஓடும்போது எல்லாம் தெரிகிறது, நிறுத்தினால் சொற்கள் இடம் மாறுகின்றன. 'கூப்பிட்டு' முதலா, 'கூடிருக்கு' முதலா? ஒரு சொல்லை மாற்றினால் அது அத்தையுடையதல்ல, என்னுடையதாகிவிடும். முழுவதும் வாய்க்கு வந்த பிறகு பதிவை அழித்துவிட வேண்டும், கருமாதிக்கு முன்பே. அது கையிலிருந்தால் நாக்கு சோம்பல்படுகிறது.

வளைவுக்கு இப்போது போனோடு போவதில்லை. சும்மா நடக்கிறேன், கொட்டில் வரைக்கும் போய்த் திரும்பி, உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு. நேற்று எதிரே வந்தவர்கள் "என்னா டீச்சர், டவுனுக்கா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாலாவது வரி போய்விட்டது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் தலையைக்கூட அசைப்பதில்லை. இன்றைக்கு லயத்து முனையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்தான், என்னைக் கண்டால் ஓடி வருபவர்கள். நான் திரும்பியதும் ஒரு கதவிலிருந்து குரல் வந்தது: "ஏய், உள்ள வாங்க. வாங்கன்னா." அடுத்த கதவிலும். முற்றம் ஒரு நிமிடத்தில் காலியாகிவிட்டது. ஒரு பந்து மட்டும் உருண்டு வந்து என் காலடியில் நின்றது.

மழை தூறியதால் தலையில் அம்மாவின் கறுப்புச் சால்வையைச் சுற்றியிருந்தேன். அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்த பிறகுதான், தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றவர் நினைவுக்கு வந்தார்.

நாளை மறுநாள் பதினாறு. ஆட்கள் போன பிறகு அத்தையின் முன்னால் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். அவர் தலையாட்டினால் மூன்றுபேருமாக மாத்தளைக்குப் போவோம், மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஆட்டாவிட்டால் கொப்பியில் எழுதி வைத்த அந்தப் பாதியையும் கிழித்து அவருடைய அடுப்பில் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஜோர்ஜியாக்காரரின் வாழ்க்கையை அதற்குப் பிறகு முதலிலிருந்து எழுதுவேன். இப்போதைக்கு நாலாவது வரி. கொட்டில் வரைக்கும் இன்னொரு தரம் நடந்து பார்க்கிறேன்.